எந்தக் கண் என்று முதலில் பாருங்கள்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

மாவட்ட ரைபிள் கிளப்களிலும் பள்ளிக்கூட ஏர் ரைபிள் ரேஞ்சுகளிலும் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் எடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியும். போட்டி நாட்களில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி நம் பிள்ளைகளின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் ஸ்வப்னில் குசாலேயும் மூன்று வெண்கலம் கொண்டுவந்த பிறகு நம் ரேஞ்சுகளுக்கு வரும் கூட்டம் கூடியிருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் அதே ஒலிம்பிக்கில் சுட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே பெற்றோர் பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். பத்து வயது, பதினோரு வயது. தோள் இன்னும் ஒல்லி. கண்ணில் மட்டும் அவ்வளவு ஆசை.

அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எந்தக் கையில எழுதுவே?" வலது என்று சொன்னதும் ரைபிளை வலத்தோளில் வைத்துவிடுகிறோம். நானும் பதினோரு வருடம் இப்படித்தான் செய்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை பிள்ளைகளைத் தப்பான தோளில் நிற்கவைத்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஒரு பையனை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எட்டாம் வகுப்புப் படித்தான். காலை ஐந்தரைக்கெல்லாம் ரேஞ்ச் வாசலில் நிற்பான். வாட்ச்மேன் வந்து கதவு திறக்கும்வரை படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக் கட்டி அவிழ்ப்பான். சொன்னதைச் செய்வான். மூச்சு சரியாக விடுவான், ட்ரிகரைப் பிடுங்க மாட்டான். ஆனால் கார்டைப் பார்த்தால் துளைகள் ஒரே இடத்தில் சேராது. சில கறுப்பு வட்டத்தின் நடுவில் இருக்கும். சில இடப்பக்கம் தள்ளி வெள்ளையில் போய் விழுந்திருக்கும். "கவனம் சிதறுது உனக்கு" என்று சொன்னேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆறு மாதம் சொன்னேன். ஆறாவது மாதம் அவன் அப்பா வந்து, "அவனுக்கு இது வரல சார், அவனே சொல்றான்" என்று கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பையன் பின்னால் நின்றான். தலை வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ரைபிள் பிடிக்கும்போதும் அப்படித்தான் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

உறைத்தது இரண்டு வருடம் கழித்து, ஒரு சிறுமியால்.

ஏழாம் வகுப்பு. வலதுகைப் பிள்ளை. ரெஸ்டில் வைத்துச் சுடும் பருவம் அது. பீப்பில், அதாவது பின்பக்கக் குறித்துளையில், கண்ணை வைக்கச் சொன்னால் கன்னத்தை ஸ்டாக்கின் மேல் உருட்டிக்கொண்டே போவாள். மூக்கு நசுங்கும் அளவுக்குத் தலை அந்தப் பக்கம் போய்விடும். நிமிர்த்தி வைப்பேன். மூன்று பெல்லட்டுக்குள் மறுபடி அதே சாய்வு. இடக்கண்ணை இறுக்கி மூடச் சொன்னால் வாய் கோணும், மேலுதடு தூக்கும், பத்து ஷாட்டுக்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில், பெரிய பையன் ஒருவன் சுட்டுப்போட்ட கார்டை அவள் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தாள். நடுவில் பத்துப் பெல்லட் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற தோழியைப் பார்த்து, "ஏய், உன் மூக்கு மட்டும் தெரியுதுடி" என்று சிரித்தாள். நான் அந்தத் தோழிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கார்டின் ஓட்டைக்குள் ஒரே ஒரு கண் தெரிந்தது. இடக்கண்.

கையிலிருந்த பெல்லட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப என் மூக்கைப் பாரு" என்றேன். இடக்கண். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். இடக்கண். கார்டைக் கீழே இறக்கி மறுபடி தூக்கச் சொன்னேன். இடக்கண்தான். வலத்தோளில் ரைபிளை வைத்து வலக்கண்ணால் பார் என்று நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, குறியைப் பிடிக்கிற கண் இடது. அவள் கழுத்து வளைந்தது சோம்பலால் அல்ல. அந்தக் கண்ணைப் பீப்புக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறது உடம்பு.

ரேஞ்சில் இதை "மாஸ்டர் ஐ" என்கிறோம். முதன்மைக் கண் என்று வைத்துக்கொள்வோம். புதிய சங்கதியும் அல்ல. இத்தாலிய அறிஞர் டெல்லா போர்ட்டா 1593இலேயே எழுதிவைத்தது. இரண்டு கண்ணும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் கொடுக்கின்றன. ஒரு பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று தீர்மானிக்க மூளை அதில் ஒரு கண்ணின் படத்தைத்தான் நம்புகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது வலக்கண். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடக்கண். ஆனால் கை விஷயத்தில் பத்தில் ஒன்பது பேர் வலதுகைக்காரர்கள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ரேஞ்சில் இன்று வரிசையாக நிற்கும் வலதுகைப் பிள்ளைகளில் சிலருக்காவது இடக்கண்தான் முதன்மையாக இருக்கும். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

பிள்ளை தானாக வந்து சொல்லாது. எல்லோருக்கும் பீப்பில் இப்படித்தான் இரண்டு இரண்டாகத் தெரியும் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். வலக்கண் பீப்பின் வழியே முன்பக்க வளையத்தையும் கறுப்பு வட்டத்தையும் பார்க்கிறது. திறந்திருக்கிற இடக்கண் ரைபிளுக்கு வெளியே வெறும் கார்டைப் பார்க்கிறது. முதன்மைக் கண் இடது என்றால் மூளை அந்த வெறும் கார்டை முன்னே இழுத்துவிடும். வளையம் மங்கும், மறையும், திரும்ப வரும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குள்ளேயே இப்படி இழுபறி நடக்கும்போது அந்தப் பொட்டை ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படித் தொடும்?

சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைத் தப்பாகச் செய்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டை விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வது பழைய முறை. சின்னப் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. வலக்கையை நீட்டினால் விரல் தானாக வலக்கண் பக்கம் போகும். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. தவிர, பதிலைப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எது சரியான பதில் என்று நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

ஓட்டை போட்ட கார்டுதான் நல்லது. ஓட்டை ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடித்து, கையை முழுக்க நீட்டி, இரண்டு கண்ணும் திறந்தபடி, தலையை நேராக வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிற்கிற உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்கென்று சொல்லாதீர்கள், விளையாட்டு என்றே இருக்கட்டும். ஓட்டையில் எந்தக் கண் தெரிகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கார்டை இறக்கி ஏற்றி ஐந்து முறை செய்யுங்கள். நேராக எதிரில் நில்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் பார்வை ஓரத்துக்குப் போகும், அப்போது முடிவும் மாறக்கூடும். அடுத்த வாரம் இன்னொரு முறை.

ஐந்துக்கு ஐந்தும் ஒரே கண் என்றால் சந்தேகமில்லை. மூன்று இப்படி, இரண்டு அப்படி என்று வருகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய எந்தக் கண்ணுக்கும் அழுத்தமான முதன்மை இல்லை. அவர்களைக் கை வசதிப்படி விட்டுவிடலாம், பெரிய குழப்பம் வராது.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முதன்மைக் கண் வேறு, கூர்மையான பார்வை வேறு. ஒரு கண்ணைக் கையால் மறைத்து, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். ஒன்றில் தெளிவாகவும் ஒன்றில் மங்கலாகவும் தெரிந்தால் ரைபிள் விஷயம் அப்புறம்; முதலில் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். சோம்பேறிக் கண் என்று டாக்டர்கள் சொல்கிற குறை, மறு கண் நன்றாக வேலை செய்வதால் வீட்டில் யார் கண்ணிலும் படாமலே போய்விடும். சின்ன வயதில் பிடித்தால்தான் அதற்கு வைத்தியம் நன்றாகப் பலிக்கும். ஒரு பிள்ளையின் குறையை முதலில் கண்டுபிடிக்கிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

சரி, கை வலது, கண் இடது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ரைபிளுக்குப் புதிதாக வருகிற சின்னப் பிள்ளை என்றால், ரைபிளைக் கண் இருக்கிற தோளுக்கு மாற்றுங்கள். முதல் நாளே மாற்றுங்கள். இடத்தோளில் வைத்து இடக்கை விரலால் ட்ரிகரைத் தொடட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் புதிதுதானே? வலப்பக்கம் நிற்பதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறதா என்ன? இரண்டு வாரம் தடுமாறும், மூன்றாவது வாரம் அதுவே சொந்தமாகிவிடும். ரைபிளில் ட்ரிகர் விரலுக்கு வேலை கொஞ்சம்தான். எழுதுகிற கையின் சாமர்த்தியம் அங்கே அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

கை பழகிக்கொள்ளும் என்பதற்கு நம் விளையாட்டிலேயே கரோலி தாகாக்ஸ் இருக்கிறார். ஹங்கேரி ராணுவ வீரர். உலகத்தரத்தில் பிஸ்டல் சுட்டவர். 1938இல் வெடித்த கையெறி குண்டில் அவர் சுடுகிற வலக்கை போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இடக்கையால் பழகத் தொடங்கினார். 1948 லண்டனில் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். வளர்ந்த மனிதர், ஒரு கையில் ஊறிப்போன பழக்கத்தை முழுக்க அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். கண் விஷயம் அப்படியல்ல. "வலக்கண்ணை நம்பு" என்று பிள்ளையின் மூளைக்கு எவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தாலும் அது கேட்பதில்லை.

பெற்றோர் தடுப்பார்கள், தெரியும். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று பிரித்து வளர்ந்த ஊர் நம்முடையது. இடக்கையால் எதையாவது நீட்டினால் அடி வாங்கியவர்கள் நாம். "ஏன் சார், எம்புள்ள ஒரட்டாங்கை இல்லியே, ஏன் இப்படி மாத்தி நிக்க வைக்கிறீங்க?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்தார். அவரிடமும் கார்டைக் கொடுத்தேன். என் மூக்கைப் பார்த்தார். அவருக்கும் இடக்கண். பேத்திக்கும் அதே கண் என்றதும் சமாதானமாகிவிட்டார். விளக்கம் எவ்வளவு சொன்னாலும் புரியாதது, கார்டைக் கையில் கொடுத்தால் புரிந்துவிடுகிறது. பெற்றோருக்கும் அந்தச் சோதனையைச் செய்துகாட்டுங்கள்.

நம் கிளப்களில் இருக்கிற ரைபிள்கள் பெரும்பாலும் வலத்தோளுக்குச் செய்தவை. அதுதான் உண்மையான இடைஞ்சல். கன்னம் வைக்கிற கட்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், பிடி வலக்கைக்கு வார்த்திருக்கும், லோடு பண்ணும் லீவர் வலப்பக்கம் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஸ்டாக் வைத்த இளையோர் ரைபிள்கள் கிடைக்கின்றன. அடுத்த முறை கிளப்புக்கு வாங்கும்போது ஒன்றாவது அப்படி வாங்கச் சொல்லிக் கமிட்டியில் பேசுங்கள், விடாமல் பேசுங்கள். அதுவரை ரெஸ்டில் வைத்துப் பழகும் மாதங்களில் வலது ரைபிளையே இடத்தோளில் சமாளிக்கலாம். லோடு பண்ணுவது மட்டும் நீங்கள் செய்யுங்கள். லீவருக்காகப் பிள்ளை குறுக்கே கை நீட்டும்போது குழல் பக்கவாட்டில் திரும்பிவிடும். குழல் எப்போதும் கார்டு பக்கம்தான் என்ற பாடத்தை எந்த வசதிக்காகவும் தளர்த்தக் கூடாது. கைமாறும் நேரத்தில் சேஃப்டி ஃப்ளாக் குழலுக்குள் இருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மூன்று வருடம் வலப்பக்கமே சுட்டு நிலைத்துவிட்ட பெரிய பிள்ளை என்றால் மாற்றச் சொல்ல மாட்டேன். அங்கே பிளைண்டர் இருக்கிறது. குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மறைப்பு வைத்துக்கொள்ள உலகப் போட்டி விதிகளே அனுமதிக்கின்றன. அந்த ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு நான் முதலில் செய்ததும் இதுதான். அன்றைக்கு எங்களிடம் இடப்பக்க ரைபிள் இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை 30 மில்லிமீட்டருக்கு வெட்டி, பீப்பின் பக்கத்தில் இடக்கண்ணுக்கு நேராக வரும்படி டேப் போட்டு ஒட்டினேன். இரண்டு கண்ணையும் சும்மா திறந்து வைத்துக்கொள் என்றேன். முதல் ஷாட்டுக்கு முன்னால் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சார், ஒண்ணுதான் தெரியுது." அதுவரை அவளுக்கு இரண்டு தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எட்டு மாதம் கழித்துப் பொது ஸ்டாக் ரைபிள் ஒன்று வந்ததும் இடத்தோளுக்கு மாறினாள். கழுத்து நேரானது. இப்போதும் சுடுகிறாள்.

மறைப்பு கறுப்பாக இருக்க வேண்டாம். வெளிச்சம் புகுகிற வெள்ளையாக இருக்கட்டும். ஒரு கண்ணுக்குப் போகிற வெளிச்சம் குறைந்தால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்தே விரியும்; பாப்பா விரிந்தால் குறி மங்கும். "ஒத்தக் கண்ணை மூடிட்டா வேலை முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு கதை" என்று சொல்கிற நண்பர்களுக்கும் இதுவே என் பதில். மூடினால் அதே கேடு வரும், கூடவே முகத்துத் தசையும் இறுகும். போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம். அவ்வளவு நேரம் ஒரு கண்ணை நீங்கள் இறுக்கி மூடிக்கொண்டு நின்று பாருங்கள். பிள்ளையிடம் கேட்பதற்கு முன்னால் ஒரு முறை செய்து பாருங்கள்.

பிஸ்டலில் இந்தச் சிக்கல் குறைவு. அது தோளில் கட்டுண்டு கிடப்பதில்லை, நீட்டிய கையில் இருக்கிறது. வலக்கையால் பிடித்துக்கொண்டே தலையைக் கொஞ்சம் திருப்பி இடக்கண்ணுக்கு நேராகக் கொண்டுவரலாம்; நிற்கிற கோணத்தைச் சிறிது மாற்றினால் போதும். ட்ரிகரில் கைக்கு நுணுக்கமான வேலை இருப்பதால் அங்கே கையை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

ஷாட்கன் சொல்லிக்கொடுப்பவர்கள் சிலரே. ஆனால் கண் தப்பினால் அதிகம் தண்டிப்பது அந்த விளையாட்டுதான். பறக்கிற தட்டைப் பிடிக்க இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கக் குறி கிடையாது, கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. வலத்தோளில் வைத்த துப்பாக்கிக்கு இடக்கண் குறி பார்த்தால் என்ன ஆகும்? இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர். குழல் முனையின் மணி கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். 30 மீட்டர் தள்ளிப் பறக்கிற தட்டுக்கு அந்த 6 சென்டிமீட்டர் ஏறக்குறைய 2 மீட்டராக விரிந்துவிடும். பிள்ளை சரியாகத்தான் குறிவைத்தது என்று சத்தியம் செய்யும். அது பொய் சொல்லவில்லை.

என்.சி.சி. முகாமில் .22 ரைபிளை முதன்முதலாகக் கையில் வாங்குகிற மாணவருக்குச் சில குண்டுகள்தான் கிடைக்கும். வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள், நேரம் இருக்காது. அங்கே பொறுப்பில் இருக்கிற ஆசிரியர்கள், வரிசையில் காத்திருக்கும்போதே கார்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றி விட்டால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. உங்கள் கிளப்பின் சேர்க்கைப் படிவத்தில் பெயர், வயது, எழுதும் கை என்று வரிசையாக இருக்குமல்லவா? அதற்குக் கீழே "குறிபார்க்கும் கண்" என்று ஒரு வரி சேருங்கள். அதைப் பெற்றோர் நிரப்ப வேண்டாம், நீங்கள் சோதித்துவிட்டு நிரப்புங்கள். பேனாவால் எழுத வேண்டாம், பென்சில் போதும். பக்கத்தில் தேதி போடுங்கள். வளர்கிற பிள்ளை, கண்ணாடி போடலாம், பார்வை மாறலாம், முதலில் இரண்டுங்கெட்டானாக இருந்தது பிறகு ஒரு பக்கம் நிலைக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துத் திருத்துங்கள்.

எங்கள் ரேஞ்சில் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் ஓட்டை போட்ட கார்டு ஒன்று தொங்குகிறது. முனையெல்லாம் மடங்கி அழுக்கேறிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைக்கு ரைபிளைக் காட்டுவதற்கு முன்னால் பழைய பிள்ளைகளே அதை எடுத்து நீட்டுகிறார்கள், "என் மூக்கைப் பாரு" என்று.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இப்போது வேலைக்குப் போகிற வயதில் இருப்பான். இந்த மடல் எப்படியாவது அவன் கைக்குப் போனால், அவனுக்குச் சொல்ல ஒன்று உண்டு: தம்பி, உன் கவனம் சிதறவே இல்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் ரேஞ்சுக்கு வா.

அன்புடன்,
உங்களோடு அதே வேலையில் இருக்கும் ஒரு பயிற்சியாளர்